பின்சுவர் இல்லாத மதில்

என்னோடு ஒத்த வயதினரே, முடிவு தெரிந்த அந்தக் கதையை நாம் எத்தனை விதமாகப் பார்த்துவிட்டோம். ஓர் அரசகுமாரன், அரண்மனையில் ஆடும் ஒரு பெண், இருவரையும் பிரிக்க முனையும் பேரரசன், கடைசியில் அந்தப் பெண்ணை நிறுத்திவைத்து அவளைச் சுற்றிக் கல் அடுக்கிக் கட்டும் மதில். நம் பெற்றோர் அதைக் கொட்டகையில் பார்த்தார்கள். நாம் வீடியோவில் பார்த்தோம். பிறகு தமிழ்க் குரல் கொடுத்த மாலைத் தொடராக வந்தது. இப்போது தொலைபேசியில் அரை நிமிடத் துண்டுகளாக வருகிறது. பிள்ளைகள் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள்.

சென்ற தை மாதம், காய்ச்சலில் படுத்திருந்த ஒரு பகலில், அந்தப் படங்களுள் ஒன்றை என் தொலைபேசியில் முழுமையாகப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பில் ஒருமுறை பார்த்த அதே படம். அன்று அது ஹிந்தியில் மட்டும் ஓடியது; இப்போது அடியில் தமிழ் எழுத்துகள் ஓடின. படம் முடிந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் சாகவில்லை. மதிலின் பின்னால் ஒரு சுரங்கம் இருக்கிறது. அதன் வழியே அவள் உயிரோடு வெளியேறிப் போகிறாள்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவள் செத்துப்போனாள் என்றே நம்பியிருந்தேன். நம்பியதோடு நிற்கவில்லை. என் வாயால் அதை என் அக்காவிடம் சொன்னேன். அந்த விடையை வைத்து அவள் தன் வாழ்க்கையைத் தீர்மானித்தாள்.

பிறருடைய குடும்பப் பிணக்குகளைக் கேட்டு அறிக்கை எழுதும் பணியில் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தவள் நான். ஒரு சொல் பிசகினால் ஒரு பிள்ளை எந்த வீட்டில் வளரும் என்பதே மாறிவிடும் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள். அந்தத் தகுதியோடுதான் இதை எழுதுகிறேன். அந்தத் தகுதியே எனக்கு எரிச்சலூட்டுகிறது.

*

அந்த ஆண்டு கொக்குவிலில் எங்கள் வளவுக்கு மதில் கட்டினார்கள். அதுவரை கதியால் கம்புகள் நட்டு, பனையோலை வரிந்த வேலிதான் இருந்தது. புதிதாக ஓலை மாற்றிய நாட்களில் வளவு முழுவதும் காய்ந்த ஓலையின் இனிப்பு மணம் நிற்கும். பின்பக்க வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய அந்தத் துளையால் அயல் வீட்டு மாமி மோர் வாங்க வருவா, கோழிகள் போய்வரும், நானும் ஒழுங்கைக்குள் இறங்கி விளையாடப் போவேன்.

ஒருநாள் அம்மா அந்தப் பொட்டுக்கு அருகில், வேலி ஓலையின் மடிப்பில் செருகியிருந்த ஒரு கடிதத்தைக் கண்டெடுத்தா. பெயர் இல்லை, கையொப்பம் இல்லை. அக்காவுக்கு எழுதப்பட்டது என்பதில் மட்டும் ஐயம் இருக்கவில்லை. அக்காவுக்கு அப்போது இருபது வயது. உயர்தரத் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். அம்மா கேட்டா, அழுதா, அடித்தா. எழுதியவன் யார் என்று அக்கா சொல்லவில்லை. அப்பா ஒன்றுமே கேட்கவில்லை. மறுநாள் காலை ஒரு லொறி வந்து கல்லைக் கொட்டிவிட்டுப் போனது.

மூன்று கிழமை வேலை நடந்தது. சுண்ணாம்பும் சீமெந்தும் குழைத்த வாடை சோற்றிலும் ஏறியிருந்தது. வேலைக்கு வந்த மேசனார் வாய் ஓயாதவர். நூல் கட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, கல்லைத் தட்டிவைத்துக்கொண்டே கதைப்பார்.

"உந்தப் பொட்டையும் அடைக்கிறதோ ஐயா? அடுத்த வீட்டுக் கோழி இனிச் சந்தியாலை சுத்தித்தான் வரவேணும்."

"அடை," என்றார் அப்பா.

"அடைச்சால் அரண்மனை மாதிரி வந்திடும். உள்ளுக்கை இருக்கிற ராசாத்தி ஆர் எண்டுதான் தெரியேல்லை."

அப்பா சிரிக்கவில்லை. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவும் இல்லை. மதிலையும் அரசகதையையும் முதலில் ஒப்பிட்டவர் அவர்தான். எனக்கு அந்த ஒப்பீடு பிடிப்பதில்லை. ஆனாலும் அது எங்கள் முற்றத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது.

பின்வேலியை அடைத்தவர்கள் முன்வாசல் படலையை நினைக்கவில்லை. கடிதம் எழுதியவன் முன்படலையால்தான் வந்துகொண்டிருந்தான்.

*

சந்தியில் இருந்த வீடியோக் கடையில் வேலை செய்தவன் அவன். தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ ஓட்டும் டெக்கும் வாடகைக்குக் கேட்டால், ஒரு பழைய காரின் பின்னிருக்கையில் போர்வையால் சுற்றிக் கொண்டுவந்து பொருத்தித்தருவான். குருநகரில் கடலுக்குப் போகும் வேதக்கார வீட்டுப் பிள்ளை, கிறிஸ்தவன். சமயமும் வேறு, அதைவிட அப்பாவுக்குப் பெரிதாகப்பட்ட சாதியும் வேறு. எங்கள் வீட்டில் அவனைத் 'தம்பி' என்று அன்பாகத்தான் கூப்பிடுவார்கள். தேநீர் மட்டும் தனிக் கோப்பையில் கொடுப்பார்கள்.

அந்தக் கோப்பைகளை நான் சொல்லியாக வேண்டும். பச்சை எனாமல் கோப்பைகள் இரண்டு, அடுக்களையின் வெளிச்சுவரில் ஓர் ஆணியில் தொங்கின. விளிம்பில் எனாமல் உதிர்ந்து கறுத்திருக்கும். வீட்டுப் பேணிகளில் குடிக்கக் கூடாது என்று நாம் முடிவு செய்துவைத்திருந்த மனிதருக்கானவை அவை. மேசனார் ஒன்றில் குடித்தார். டெக்காரன் மற்றதில் குடித்தான். கழுவி மாட்டுவது அக்காவின் வேலை.

முந்தின ஆண்டு ஒருமுறை, அக்கா அவனுக்கு எங்கள் பித்தளைப் பேணியில் தேநீர் கொண்டுபோனாள். அம்மா கண்டுவிட்டா.

"உனக்கென்ன விசரோ? ஆருக்கு எதிலை குடுக்கிறது எண்டு தெரியாதோ?"

விறாந்தையில் வயர் இழுத்துக்கொண்டிருந்த அவனுக்கு அது கேட்டிருக்கும். திரும்பிப் பார்த்து, "எனக்கு அந்தக் கோப்பைதான் வசதி அம்மா. பேணி சுடும்," என்றான்.

அக்காவின் மேல் விழ இருந்த பேச்சை, பேணி சுடும் என்ற ஒரு சொல்லால் தன்மேல் வாங்கிக்கொண்டான். எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியதாக அக்கா பிற்காலத்தில் சொன்னாள். பிறகு அவன் சைக்கிளில் பின்னொழுங்கையால் போவான். வேலி மடிப்பில் கடிதம் இருக்கும். அந்தக் கடிதங்களில் இருவரும் பெரும்பாலும் படங்களைப் பற்றியே சண்டை பிடித்தார்களாம். அரசகுமாரன் கதை அவன் கடையில் இரண்டு கசெற்றாக இருந்தது. இரண்டும் ஹிந்தி. ஒன்றில் அவள் மதிலுக்குள் சாகிறாள்; மற்றதில் தப்பிப் போகிறாள். சாவதுதான் கதைக்கு அழகு என்று அக்கா எழுதினாளாம். 'செத்துக் காட்டினால் கைதட்ட ஆள் இருக்கும், சமைத்துச் சாப்பிட ஆள் இராது' என்று அவன் பதில் எழுதினானாம்.

மதில் பொட்டை நெருங்கிக்கொண்டிருந்தபோது கடைசிக் கடிதம் வந்தது. கொழும்பில் இருக்கும் தன் தமையனிடம் இருவருக்கும் இருக்க இடம் கேட்டிருக்கிறான். பதில் வருவதற்குள் வேலி மூடிவிடும். ஆகவே, எப்படியாவது வீட்டில் அந்த அரசகுமாரன் படத்தைக் கேட்கச் செய் என்று எழுதியிருந்தான். இடம் கிடைத்தால் அவள் தப்பும் படத்தைக் கொண்டுவருவேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலை ரயிலுக்குக் கொக்குவில் ஸ்ரேசனில் நிற்பேன். கிடைக்காவிட்டால் அவள் சாகும் படத்தைக் கொண்டுவருவேன். என்னை மறந்துவிட்டு, வீட்டார் பார்க்கும் மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்லு.

இவை எதுவும் அன்று எனக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், தன் கணவரின் ஆண்டுத் திவசம் முடிந்த பிற்பகலில்தான் அக்கா சொன்னாள். அப்போதும் எவரையும் குறை கூறாமல், நான் அன்று கொடுத்த விடை சரியானது என்ற நம்பிக்கையோடு சொன்னாள்.

*

அந்த மாதம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தேர்வில் நான் சித்தியடைந்திருந்தேன். என்ன வேண்டும் என்று அப்பா கேட்டார். டெக் எடுக்க வேண்டும் என்றேன். என்ன படம் என்றார்.

"அரசகுமாரன் ஆடுற பொம்பிளையை விரும்புற படம்."

அக்கா சொல்லித்தந்த வாக்கியம் அது. அப்பாவுக்கு அதில் தவறு தெரியவில்லை. அரசர் கதை, பழங்காலம், பிள்ளைக்குப் பொது அறிவு என்று நினைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டெக்காரன் வந்தான். சாளரங்களுக்குப் படுக்கை விரிப்புகள் கட்டி இருட்டாக்கினார்கள். அயல் மாமி பிள்ளைகளோடு பாயில் இருந்தா. மதில் வேலை முடிந்த கிழமை என்பதால் மேசனாரையும் அப்பா கூப்பிட்டிருந்தார். அவர் அறைக்குள் வராமல் வாசல்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். கடிதம் பிடிபட்ட நாள்முதல் வெளியார் கூடும் இடத்தில் அக்கா இருக்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அவள் வளவின் பின்னால் தனியாக இருந்த அடுக்களையில் எல்லாருக்கும் வடை சுட்டாள்.

படம் தொடங்குமுன் என்னை அடுக்களைக்குள் இழுத்துக் கையைப் பிடித்தாள். அவள் கை முழுக்கக் கடலைமா.

"எனக்கு முழுக்கதை வேண்டாம். கடைசியிலை அவள் சாகிறாளோ, தப்புறாளோ, அதை மட்டும் பாத்துக்கொண்டு வந்து சொல்லு. கெட்டிக்காரி எல்லே?"

டெக்காரன் கசெற்றைப் போட்டு, எந்தப் பித்தானை அமத்த வேண்டும் என்று சித்தப்பாவுக்குக் காட்டினான். இன்னொரு வீட்டுக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. போகும்போது என்னிடம், "பிள்ளை, கடைசிக்கிட்டை நித்திரை கொண்டிடாதை," என்று மட்டும் சொன்னான்.

சித்தப்பா கொழும்பில் ஒரு வடநாட்டு வணிகரின் துணிக்கடையில் சில காலம் கணக்கெழுதியவர். ஆகவே அவருக்கு ஹிந்தி தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. நம் ஊரில் அப்போது ஹிந்திப் படம் பார்ப்பது அப்படித்தான். பெட்டிக்கு அருகில் ஒருவர் கதிரை போட்டு இருந்து கதை சொல்ல, மற்றவர்கள் திரையைப் பாதியும் அவர் வாயைப் பாதியும் பார்ப்பார்கள். பேரரசன் நெடுநேரம் முழங்கி ஓய்ந்ததும் சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

"ராசா கேக்கிறார், உனக்கு என்ரை முடி வேணுமோ, அவளின்ரை சலங்கை வேணுமோ எண்டு."

"அவ்வளவு நேரம் கதைச்சது இவ்வளவுதானோ?" என்றா மாமி.

"மிச்சம் கவிதை. அது தமிழிலை சொல்ல ஏலாது."

எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மேசனார் மட்டும் அரசனையோ ஆடற்பெண்ணையோ பொருட்படுத்தவில்லை. மதில் எழத் தொடங்கியதும்தான் அவர் படத்துக்குள் வந்தார்.

"நூல் பிடிக்கேல்லை. உது கோணல். ராசாவின்ரை மேசன்மார் சும்மா இருந்து சம்பளம் எடுத்திருக்கினம்."

எல்லாரும் சிரித்தார்கள். கல் அவள் இடுப்புக்கு வந்தது, தோளுக்கு வந்தது. மாமி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டா. மேசனார் இன்னும் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, உந்த மதிலுக்குப் பின்சுவர் இல்லைப் போலை கிடக்கு. கீழை ஒரு கிடங்கு தெரியுது. கட்டுறவங்கள் என்னவோ கள்ள வேலை செய்யிறாங்கள்."

சித்தப்பா திரும்பினார். "உனக்கு ஹிந்தி தெரியுமோ?"

"இல்லை ஐயா."

"அப்ப வாயை மூடிக்கொண்டு பார்."

"மதில் பாக்கிறதுக்கும் ஹிந்தி தெரியவேணுமோ ஐயா?"

இந்த முறை அப்பாகூடச் சிரித்துவிட்டார். சித்தப்பாவின் முகம் கறுத்தது. வாசல்படியில் இருப்பவன் தன்னைத் திருத்துவதும், அதற்குத் தன் தமையனே சிரிப்பதும் அவரால் தாங்க முடியாதவை. கதிரையை முன்னே இழுத்துப்போட்டு, தீர்ப்புச் சொல்வதுபோல் சொன்னார்.

"அவள் செத்துப்போனாள். கதை முடிஞ்சுது. இனி வாறது அவளின்ரை ஆவி."

திரையில் ஓர் இருண்ட வழி. கறுப்பும் சாம்பலுமாகக் கோடு விழுந்த படம். அந்தப் பெண் யாரையோ பற்றிக்கொண்டு நடக்கிறாள். முன்னால் ஒரு விளக்கு ஆடி ஆடிப் போகிறது. நான் அதைக் கண்டேன். இதை அழுத்தி எழுதுகிறேன்: நான் கண்டேன்.

"சித்தப்பா, ஆவி விளக்குப் பிடிச்சுக்கொண்டு போகுது."

"மேலோகத்துக்குப் போற வழி இருட்டுத்தானே பிள்ளை," என்றார். மறுபடி சிரிப்பு. சிரிப்பு இந்த முறை அவர் பக்கம் வந்துவிட்டதால் அவர் சமாதானமானார். படம் முடிந்தது. விரிப்புகளை அவிழ்த்தார்கள். கண் கூசும் வெயில் உள்ளே வந்தது.

நான் அடுக்களைக்கு ஓடினேன். அக்கா அகப்பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"செத்துப்போனாள் அக்கா."

"வடிவாப் பாத்தனியோ?"

"ஓம். மதிலை முழுக்கக் கட்டி மூடினவை. செத்துப்போனாள்."

அவள் தாச்சியில் இருந்த வடைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டாள். "ஆர் ஆர் அழுதவை?"

"மாமி அழுதவ. நானும் கொஞ்சம்."

"சரி," என்று ஒரு வடையை எடுத்துத் தந்தாள். "ஊதித் தின். சுடும்."

விளக்கைப் பற்றி நான் சொல்லவில்லை. அவள் கேட்ட வினாவுக்கு இரண்டே விடைகள். நான் ஒன்றைத் தேர்ந்து, தெளிவாகச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் விடை எழுதப் பழக்கப்பட்டு, அதற்காகவே அந்த மாதம் பாராட்டுப் பெற்ற பிள்ளை நான். என் கண் கண்டதும் பெரியவர் சொன்னதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதை விடைத்தாளில் எழுத எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

*

திங்கட்கிழமை பெட்டியை எடுக்க டெக்காரன் வந்தான். பச்சைக் கோப்பையில் தேநீரைக் குடித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டான்.

"கடைசிவரைக்கும் பாத்தனியோ பிள்ளை?"

"ஓம்."

"அக்காவுக்கும் கதையைச் சொன்னனியோ?"

"ஓம். கடைசியைத்தான் சொன்னனான்."

அவன் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. கோப்பையைத் தானே கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். அம்மா அதைப் பார்த்து, "நல்ல பழக்கமான பொடியன்," என்றா.

வெள்ளிக்கிழமை காலை அக்கா கிணற்றடியில் நின்றாள். அந்த ஆண்டுகளில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தண்டவாளமே இல்லாமல் போய், இப்போது மறுபடி ஓடுகிறது. எங்கள் வளவிலிருந்து அது ஸ்ரேசனில் நிற்பதும் புறப்படுவதும் கேட்கும். அக்கா வாளியை இறக்கினாள், இழுத்தாள், வாய்க்காலில் ஊற்றினாள். ரயில் வந்து நின்றது. மறுபடி இறக்கினாள், இழுத்தாள், ஊற்றினாள். ரயில் கூவிவிட்டுப் புறப்பட்டது. அதற்குப் பிறகும் அவள் நிறுத்தவில்லை.

பல் தீட்டிக்கொண்டு வந்த அப்பா பார்த்துவிட்டுச் சொன்னார்: "காணும் பிள்ளை. வாழையை நீந்த விடப்போறியோ?"

அன்று அவர் அன்பாகத்தான் பேசினார். மதில் கட்டி முடித்த நிம்மதி அவருக்கு இருந்தது.

அடுத்த முறை டெக்கைக் கொண்டுவந்தவர் வேறொருவர். பழையவன் வெள்ளிக்கிழமை ரயிலிலேயே கொழும்புக்குப் போய்விட்டதாகவும், இனி வரமாட்டான் என்றும் அம்மாவிடம் சொன்னார். பிறகு ஒருநாள் இத்தாலிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். அதற்குள் அக்காவுக்குக் கரவெட்டியில் கலியாணம் முடிந்துவிட்டது.

*

இங்கே நான் நேர்மையாக இருக்க வேண்டும். அத்தான் நல்லவர். உதவி அரசாங்க அதிபர் அலுவலகத்தில் எழுதுநராக இருந்தார். கோபமாக ஒரு சொல் பேசியதில்லை. இரண்டு பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். ஆகவே, ஒரு வாழ்க்கை பாழாகிவிட்டது என்று நான் எழுத முடியாது. பாழாகவில்லை என்று எழுதி என்னை விடுவித்துக்கொள்ளவும் முடியாது. கொழும்பில் ஓர் அறையில், கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளையோடு அவளுக்கு என்ன நேர்ந்திருக்கும்? மகிழ்ந்திருக்கலாம்; அந்தக் காலத்தின் கலவரங்களில் இருவருமே இல்லாமலும் போயிருக்கலாம். தெரியாது. தெரியாத ஒன்றை நிறுப்பதற்கு எந்தத் தராசும் இல்லை. பிறருடைய வாழ்க்கைகளை நிறுத்து அறிக்கை எழுதிய கை இங்கே வெறுமனே கிடக்கிறது.

காய்ச்சலில் அந்தப் படத்தைப் பார்த்த நாளில், சித்தப்பா வேண்டுமென்றே மாற்றிச் சொன்னார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பாவும் அவரும் சேர்ந்து செய்த சூழ்ச்சி என்றுகூட ஓர் இரண்டு நாள் நம்பினேன். அப்படி இருந்திருந்தால் கோபப்படுவதற்கு ஒரு முகமாவது கிடைத்திருக்கும். மெல்ல மெல்ல உண்மை விளங்கியது. அவருக்கு ஹிந்தி தெரியாது. நாலு துணியின் பெயரும், 'வா', 'போ', 'எவ்வளவு' என்பனவுமே தெரியும். தெரியாது என்று சொல்லத்தான் தெரியவில்லை. வாசல்படியில் இருந்த ஒரு மனிதர் மதிலைப் பார்த்துச் சரியாகச் சொன்னார். அவர் எந்தக் கோப்பையில் குடிப்பவர் என்பதால் அவர் கண்ணுக்கு எங்களிடம் மதிப்பிருக்கவில்லை. அவரை மறுப்பதற்காகவே சித்தப்பா அந்தப் பெண்ணைச் சாகடித்தார். ஒரு சூழ்ச்சியைவிட இது எனக்குக் கூடிய எரிச்சலைத் தருகிறது. இதில் தீயவர் என்று யாரும் இல்லை. நம் வழமை தன் பாட்டில் வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறது.

அந்தக் கதைமீதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. அப்படி ஒருத்தி வாழ்ந்தாளா என்பதே உறுதியில்லை என்பவர்களும் உண்டு. ஆனால் திரைக்கு வரும் ஒவ்வொரு முறையும் அவளைச் சுற்றி மதில் மட்டும் தவறாமல் எழுகிறது. அவளைச் சாகவிட்டால் அரசன் கடமை தவறாதவன். தப்பவிட்டால் அரசன் கருணையுள்ளவன். கடைசி வசனம் எப்போதும் அவனுக்கே. நான் எழுதியதைத் திரும்பிப் பார்க்கிறேன். இதிலும் அப்பா, சித்தப்பா, நான் என்று கதைத்தவர்களே இடத்தைப் பிடித்திருக்கிறோம். அக்கா வடை சுட்டதும் தண்ணீர் அள்ளியதுமே வந்திருக்கின்றன.

*

அத்தான் இறந்தபின் அக்கா என்னோடு கொக்குவிலில் இருக்கிறாள். அதே வளவு. முன்மதில் சண்டைக் காலத்தில் இடிந்து புதிதாகக் கட்டப்பட்டது. பின்மதில் மேசனார் கட்டியபடியே நூல் பிடித்த நேராக நிற்கிறது. பச்சைக் கோப்பைகள் ஏதோ ஓர் இடப்பெயர்வில் போய்விட்டன. யாரும் தேடவில்லை.

தையிலிருந்து ஏழு மாதம் அவளிடம் சொல்லாமல் இருந்தேன். சொன்னால் அறுபதைத் தாண்டியவளுக்கு ஓர் இழப்பைப் புதிதாகக் கையில் கொடுப்பதாகும். சொல்லாவிட்டால், அவன் தன்னைக் கைவிட்டான் என்ற பொய்யோடு அவளை இருக்கவிடுவதாகும். இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். அலுவலகத்தில் வேறொருவரின் கோப்பாக இது வந்திருந்தால், 'உரியவருக்கு உண்மை அறியும் உரிமை உண்டு' என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.

சென்ற மாதம் ஒரு பிற்பகல், தொலைபேசியைப் பெரிய திரையில் இணைத்து அந்தப் படத்தைப் போட்டேன். அக்கா குசினியில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். சலங்கைச் சத்தம் கேட்டதும் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"உது அந்தப் படம் எல்லே?"

"ஓம் அக்கா."

"நல்லாத்தான் அழப்போறாய். அவள் சாகிற படம்."

நான் எழுந்து குசினி வாசலுக்குப் போனேன். அன்றுபோலவே நான் வாசலில். அன்றுபோலவே அவள் கையில் வேலை.

"அக்கா, அவள் சாகேல்லை. மதிலுக்குப் பின்சுவர் இல்லை. சுரங்கத்தாலை வெளியிலை போறாள். எழுத்துப் போட்டிருக்கினம், நான் வாசிச்சனான். அண்டைக்கு வந்ததும் இதே படந்தான். சித்தப்பாவுக்குப் பாஷை தெரியாது. தெரியாமல் சொன்னவர். நான் அதைக் கேட்டு உனக்குச் சொன்னனான்."

அவள் ஈர்க்கிலிருந்து இலையை உருவுவதை நிறுத்தவில்லை. இரண்டு ஈர்க்கு முடிந்தது.

"நீ பாத்தனி எல்லே? உன்ரை கண்ணுக்கு என்ன தெரிஞ்சது அண்டைக்கு?"

"அவள் நடந்து போனவள். முன்னாலை ஒரு விளக்குப் போனது."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மூன்றாவது ஈர்க்கை எடுத்தாள். உருவாமலே சுளகில் வைத்தாள்.

"அப்ப அவர் அண்டைக்கு ஸ்ரேசனிலை ரெண்டு ரிக்கற் எடுத்திருப்பார்," என்றாள்.

பெரிய திரையில் பேரரசன் ஏதோ முழங்கிக்கொண்டிருந்தான். அக்கா கையைக் கழுவி, சேலையில் துடைத்து, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். பெட்டிக்கு மிக அருகில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"கடைசியைப் போடு," என்றாள். "நீ ஒண்டும் கதையாதை. நான் பாக்கிறன்."